எண்டோஸ்கோபிக்கு 'மயக்க ஊசி': பயப்படவேண்டுமா, கவனமாக இருக்கவேண்டுமா?

எமது மூத்தோர் ஒன்றுகூடல் ஒன்றில் ஒரு மகள் வைத்தியசாலைக் கடிதம் ஒன்றுடன் எம்மிடம் வந்தார். அவருடைய தாயாருக்கு 71 வயது. தபாலில் வரும் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பியதில், மலத்தில் இரத்தம் கலந்திருப்பதாகத் தெரியவந்திருந்தது. அடுத்த கட்டமாக, பெருங்குடலைக் கமராக் குழாய் மூலம் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு அழைத்திருந்தார்கள். மகளின் கவலை புற்றுநோயைப் பற்றியதாக இருக்கவில்லை.

"மயக்க ஊசியை மயக்க டொக்டர் போடேல்லையாம். கமரா விடுற ஆளும் நேர்சும்தான் போடினமாம். அம்மாவை விடலாமோ? நான் அப்பொயின்ற்மென்ற்றைக் கான்சல் பண்ணப்போறன்" என்றார்.

இந்தக் கேள்வியை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடாமலே பரிசோதனையைக் கைவிடுவதுதான் ஆபத்து. எனவே இம்முறை இந்தப் பகுதியில் எண்டோஸ்கோபியின்போது தரப்படும் 'மயக்க ஊசி' பற்றிப் பார்ப்போம்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு விடயங்கள்

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'மயக்கம்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தின் ஒரு பாதி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சத்திரசிகிச்சைக்குத் தருவது முழு மயக்கம். அதில் நோயாளிக்குக் கூப்பிட்டாலும் கேட்காது, கிள்ளினாலும் தெரியாது. மூச்சுவிடுவதையே பெரும்பாலும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இதற்கு மயக்கமருந்து நிபுணர், அதாவது 'அனஸ்தெற்றிஸ்ற்' என்ற விசேட வைத்தியர், கட்டாயம் இருக்கவேண்டும்.

காஸ்ட்ரோஸ்கோபி (இரைப்பைப் பரிசோதனை), கொலனோஸ்கோபி போன்றவற்றுக்கு இந்நாட்டில் பொதுவாகத் தருவது 'செடேஷன்'. இதை அரைமயக்கம் என்று சொல்லலாம். நோயாளி சொக்கிப்போய் இருப்பார். பதற்றம் அடங்கியிருக்கும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தருவார். "மற்றப் பக்கம் திரும்புங்கள்" என்றால் திரும்புவார். மூச்சைத் தானே விடுவார். இந்தப் பேச்சுத் தொடர்பு அறுந்துபோனால் நோயாளி அரைமயக்கத்தைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.

இதற்கு வழக்கமாக இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று மிடசோலம், பதற்றத்தைத் தணித்துச் சொக்கவைப்பது. மற்றது பென்ரனில் அல்லது பெதிடின், வலியைக் குறைப்பது. மிடசோலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது அந்த நேரத்து ஞாபகத்தை அழித்துவிடும். "எனக்கு முழுக்க மயக்கிப்போட்டுத்தான் செய்தவை, ஒண்டுமே தெரியாது" என்று பலர் சொல்வது இதனால்தான். அவர்கள் உண்மையில் விழித்துக் கதைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஊசியைப் போடுபவர் யார்?

பிரித்தானியாவில் சாதாரண எண்டோஸ்கோபியின்போது மயக்கமருந்து நிபுணர் அறையில் இருப்பதில்லை. பரிசோதனையைச் செய்பவரே மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். அவர் குடல் நோய் வைத்தியராகவோ, சத்திரசிகிச்சை வைத்தியராகவோ, விசேட பயிற்சி பெற்ற தாதியாகவோ இருக்கலாம். அவருடன் பயிற்சி பெற்ற தாதியர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் வேலை உங்களைக் கவனிப்பது.

புரோபொபோல் என்ற மருந்தின் கதை வேறு. பால் போல வெள்ளையாக இருக்கும் இந்த மருந்து சில விநாடிகளில் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொண்டுபோகும்; மூச்சையும் நிறுத்திவிடக்கூடும். இதன் வேலையை உடனே முறிக்க மாற்றுமருந்து கிடையாது. 2009இல் பாடகர் மைக்கல் ஜக்சனின் மரணத்தில் பேசப்பட்டது இந்த மருந்துதான். பித்தக்குழாய்ப் பரிசோதனை போன்ற சிக்கலான எண்டோஸ்கோபிகளில் புரோபொபோல் பாவிப்பதானால், அதை மயக்கமருந்து வைத்தியரே கொடுக்கவேண்டும் என்று 2011இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டி கூறியது.

ஜேர்மனி, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளில் நடைமுறை வேறு. அங்கே பயிற்சி பெற்ற குடல் நோய் வைத்தியர்களும் தாதியரும் புரோபொபோல் கொடுக்கிறார்கள். இதை ஆதரித்து 2010இல் ஐரோப்பிய வழிகாட்டி ஒன்று வந்தபோது, பல நாடுகளின் மயக்கமருந்து வைத்தியர் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. ஆனால் ஜேர்மனியில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட எண்டோஸ்கோபிகளைப் பார்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கமருந்தால் வந்த பெரிய சிக்கல்கள் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தன. முறையான பயிற்சியும் கண்காணிப்பும் இருந்தால், நிபுணர் அல்லாதவர் கொடுப்பதும் பாதுகாப்பானதாக இருக்கமுடியும் என்பதை இது காட்டுகிறது.

நிபுணர் அருகில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் 2014 ஆகஸ்டில், 81 வயதில், நியூயோர்க்கில் ஒரு தனியார் நிலையத்தில் தொண்டை மற்றும் இரைப்பைப் பரிசோதனைக்குச் சென்றார். புரோபொபோல் தரப்பட்டது. மயக்கமருந்து நிபுணரும் அறையில் இருந்தார். ஆயினும் பரிசோதனையின்போது ஒட்சிசன் குறைந்து மூளை பாதிக்கப்பட்டு, செப்ரெம்பர் 4ஆம் திகதி காலமானார். அவருடைய நிலை மோசமாவதைக் கவனித்து நேரத்துக்குச் செயற்படவில்லை என்றும், மருந்து கொடுக்குமுன் அவருடைய நிறையைக்கூடப் பதிவுசெய்யவில்லை என்றும் அரச விசாரணை கூறியது.

இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள்

இன்றைய நடைமுறைகள் சும்மா வந்தவை அல்ல. மூன்று அறிக்கைகளை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, 1995இல் வெளியானது. இங்கிலாந்தின் இரண்டு பிராந்தியங்களில் 14,149 காஸ்ட்ரோஸ்கோபிகளை ஆராய்ந்தார்கள். நோயைக் கண்டறிவதற்காக மட்டும் செய்த பரிசோதனைகளில் 2,000 பேருக்கு ஒருவர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார். 200 பேருக்கு ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருந்தது. இவை எல்லாம் மயக்கமருந்தால் மட்டும் வந்தவை அல்ல. ஏற்கெனவே கடும் நோயோடு இருந்தவர்களும் இதில் அடக்கம். ஆனால் கூடுதலான அளவு மருந்து கொடுத்ததற்கும், ஒழுங்காகக் கண்காணிக்காததற்கும், சிக்கல்கள் வந்ததற்கும் இடையே வலுவான தொடர்பு இருந்தது.

இரண்டாவது, 2004இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை. எண்டோஸ்கோபி மூலம் சிகிச்சை பெற்று 30 நாட்களுக்குள் இறந்தவர்களின் கோப்புகளை வைத்தியர் குழு ஒன்று பரிசீலித்தது. அவர்களில் 14 வீதமானோருக்குத் தரப்பட்ட மயக்கமருந்து பொருத்தமற்றது என்று அக்குழு கருதியது. வழக்கமான தவறு, மருந்து கூடிப்போனது.

மூன்றாவது, 2008 டிசம்பரில் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகவர் நிலையம் விடுத்த எச்சரிக்கை. 2004 நவம்பர் முதல் 2008 நவம்பர் வரை, மிடசோலத்தின் அளவு அல்லது செறிவு தவறிப்போன 498 சம்பவங்கள் அந்த நிலையத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தன. மூன்று பேர் இறந்திருந்தார்கள்.

காரணம் மிக எளிமையானது. மிடசோலம் வெவ்வேறு செறிவுகளில் வருகிறது. செறிவு கூடிய 2 மில்லிலீற்றர் குப்பி ஒன்றுக்குள் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். 60 வயதைத் தாண்டியவருக்கு அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரையில் தொடங்கி, மொத்தமாக 3.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்தச் சின்னக் குப்பியில் இருப்பது அதன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! எனவே அரைமயக்கம் தரும் இடங்களில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்ற செறிவு குறைந்த குப்பிகளை மட்டும் வைத்திருக்கும்படி பணிக்கப்பட்டது. 2011இல், என்.எச்.எஸ்ஸில் 'ஒருபோதும் நடக்கக்கூடாத சம்பவங்கள்' என்ற பட்டியலிலும் இந்தத் தவறு சேர்க்கப்பட்டது.

மூன்று அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தால், கேடு பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் வந்திருக்கிறது: மருந்து கூடியது, அவசரமாகக் கொடுத்தது, பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாதது.

அறைக்குள் என்ன நடக்கவேண்டும்?

மிடசோலம் போட்டவுடன் முழு வேலையையும் காட்டாது. சில நிமிடங்கள் எடுக்கும். வயதானவர்களில் இன்னும் தாமதமாகும். "இன்னும் சொக்கவில்லையே" என்று உடனே அடுத்ததைப் போட்டால், இரண்டும் சேர்ந்து வேலைசெய்யத் தொடங்கும்போது மூச்சு மந்தமாகிவிடும். வலி மருந்தும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றது கூட்டும். ஆகவே வலி மருந்தை முதலில் கொடுத்து, பின்னர் மிடசோலத்தைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுப்பதே சரியான முறை.

நோயாளிக்கு ஒட்சிசன் தரப்படும். விரலில் ஒரு 'கிளிப்' மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளப்பார்கள். இங்கே எம்மவருக்கு ஒரு முக்கிய விடயம். கருமையான தோல் உள்ளவர்களில் இக்கருவி சில வேளைகளில் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டும் என்பது இன்று அறியப்பட்ட உண்மை. எனவே இலக்கத்தை மட்டும் பார்க்காமல், அது இறங்குகிறதா என்பதையும், நெஞ்சு ஏறி இறங்குவதையும், கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதையும் தாதி பார்க்கவேண்டும். நகப்பூச்சைப் போகுமுன் அழித்துவிடுங்கள். கலியாண வீட்டு மருதாணி விரலில் இருந்தால் தாதியிடம் காட்டுங்கள்.

மருந்து கூடிவிட்டால் முறிக்கும் மருந்துகளும் உண்டு. மிடசோலத்துக்குப் புளூமசெனில், பென்ரனில், பெதிடினுக்கு நலொக்சோன். இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். புளூமசெனிலின் வேலை மிடசோலத்தின் வேலையைவிட விரைவில் முடிந்துவிடும். ஆகவே அதைப் பெற்றவர் மீண்டும் சொக்கிவிடலாம். "கொஞ்சநேரம் கூட இருக்கவேணும்" என்று தாதி சொன்னால் அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

எமது குடும்பங்களின் பங்கு

வைத்தியசாலை செய்யவேண்டியது ஒரு பாதி. மறுபாதி எம்மிடம் இருக்கிறது.

பரிசோதனைக்கு முன் தாதி ஒருவர் கேள்விகள் கேட்பார். அநேக வீடுகளில் மகனோ மகளோதான் மொழிபெயர்க்கிறோம். "நீங்கள் மது அருந்துவீர்களா?" என்று தாதி கேட்கிறார். மகள் அதை அப்பாவிடம் தமிழில் கேட்கிறாள். அப்பா என்ன சொல்வார்? "எப்பவாவது ஒருக்கா" என்பார். அம்மா தூக்கக் குளிசை எடுப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கமாட்டார். இந்த மறைப்பெல்லாம் வீட்டில் மானத்தைக் காக்கலாம். மயக்கமருந்தின் அளவைத் தீர்மானிப்பவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம். என்.எச்.எஸ். வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கடிதம் வந்தவுடனேயே தொலைபேசியில் கேட்டுவையுங்கள்.

கட்டாயம் சொல்லவேண்டியவை இவை:

• பலத்த குறட்டை, அல்லது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல். இதை நோயாளி அறியமாட்டார். பக்கத்தில் படுப்பவர்தான் சொல்லவேண்டும்.

• ஆஸ்துமா, நெஞ்சுநோய், சிறுநீரக அல்லது ஈரல் வருத்தம்.

• தூக்கக் குளிசைகள், கடும் வலிக் குளிசைகள், மது. நாட்டு மருந்து எடுத்தால் அதுவும்.

• இரத்தத்தை இளக்கும் குளிசைகளும், நீரிழிவுக்கான இன்சுலின், குளிசைகளும். இவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை வைத்தியசாலைதான் சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• நீரிழிவுக்கோ நிறை குறைப்பதற்கோ போடும் ஒசெம்பிக், வெகோவி, மவுஞ்சாரோ போன்ற ஊசிகள். இவை இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். ஆழ்ந்த மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2025 ஜனவரியில் எச்சரித்தது. தனியாக வாங்கிப் போடுபவர்கள் ஜீ.பி.யிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். வைத்தியசாலையிடமாவது சொல்லுங்கள்.

• முன்னர் எப்போதாவது மயக்கமருந்தால் சிக்கல் வந்திருந்தால், அது ஊரில் நடந்ததானாலும்.

இன்னொன்று. "அம்மா பாவம், நோவு தெரியாமல் நல்லாக் குடுத்துவிடுங்கோ" என்று அன்பினால் தாதியிடம் கேட்பவர்கள் உண்டு. 45 கிலோ நிறையுள்ள ஒரு மூத்த பெண்மணிக்கு 'நல்லாக் கொடுப்பது' நன்மை அல்ல. கொஞ்சமாகக் கொடுப்பதே அவருக்குக் காட்டும் அன்பு. நோவு தாங்கமுடியாவிட்டால் கையை உயர்த்தலாம், நிறுத்தச் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவையுங்கள்.

மயக்கமருந்து இல்லாமலும் செய்யலாம். காஸ்ட்ரோஸ்கோபியைத் தொண்டையை மரக்கவைக்கும் 'ஸ்பிரே'யுடன் மட்டும் செய்துகொள்வோர் இந்நாட்டில் ஏராளம். சில இடங்களில் மூக்கு வழியாக மெல்லிய குழாயால் பார்ப்பார்கள். கொலனோஸ்கோபிக்குப் பிரசவ வலியின்போது தரும் 'காஸ் அன்ட் எயார்' வாயுவையும் பாவிக்கலாம். அதன் வேலை விரைவில் போய்விடும். மாறாக, கடுமையான நெஞ்சுநோயோ மோசமான தூக்க மூச்சுத்தடையோ உள்ளவர்களுக்கும், முன்பு அரைமயக்கம் சரிவராதவர்களுக்கும், மயக்கமருந்து நிபுணர் இருக்கும் நாளில் செய்யும்படி கேட்பதில் தவறில்லை.

வீட்டுக்கு வந்த பின்

மிடசோலம் பெற்றவர் 'நான் நல்லாத்தான் இருக்கிறன்' என்பார். நம்பவேண்டாம். 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டக்கூடாது, மது கூடாது, முக்கிய பத்திரங்களில் கையொப்பம் வைக்கக்கூடாது, பேரப்பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கவிடக்கூடாது, அடுப்படியில் தனியே நிற்கவிடக்கூடாது. அழைத்துவர ஒருவரும், அன்றிரவு கூட இருக்க ஒருவரும் வேண்டும். தொண்டைக்கு 'ஸ்பிரே' அடித்திருந்தால் மரப்பு போகும்வரை தேநீர்கூட வேண்டாம், புரைக்கேறிவிடும்.

வைத்தியர் முடிவைச் சொல்லும்போது குடும்பத்தவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். மருந்தின் ஞாபகமறதியால் "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை" என்று நோயாளி நம்பிக்கையோடு சொல்வார்.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்குத் தரப்போவது அரைமயக்கமா, முழு மயக்கமா? மருந்தின் பெயர் என்ன?

2. பரிசோதனை நடக்கும்போது என்னைக் கவனிப்பதற்கென்று ஒருவர் இருப்பாரா?

3. என் வயதுக்கும் நிறைக்கும் வருத்தங்களுக்கும் ஏற்ப அளவு குறைக்கப்படுமா?

4. ஏதும் நடந்தால் முறிக்கும் மருந்தும் அவசர உதவியும் அங்கேயே உண்டா?

5. எனக்கு மயக்கமருந்து நிபுணர் தேவை என்று நினைக்கிறீர்களா?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னையிலோ கொழும்பிலோ 'ஒரேயடியாகச் செக்கப்பும் செய்துகொண்டு வருவோம்' என்று எண்ணுபவர்களும் இதே கேள்விகளை அங்கே கேட்கவேண்டும். அங்கே புரோபொபோல் தரப்படலாம். அப்படியானால் அதைக் கொடுப்பவர் மயக்கமருந்து நிபுணரா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன மகள் அப்பொயின்ற்மென்ற்றைக் கைவிடவில்லை. வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அம்மா இரவில் பலமாகக் குறட்டை விடுவதையும் சொன்னார். தாதி அதைக் குறித்துக்கொண்டு மேலும் சில கேள்விகள் கேட்டாராம். குறைந்த அளவு மருந்துடன் பரிசோதனை நடந்தது. இரண்டு சிறிய கட்டிகள் அகற்றப்பட்டன. விட்டுவைத்திருந்தால் காலப்போக்கில் புற்றுநோயாக மாறியிருக்கக்கூடிய வகை.

இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிவுசெய்த 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி வீட்டுக்கே வருகிறது. அதைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த கட்டத்துக்கு அழைத்தால், ஊசிக்குப் பயந்து ஒளியாதீர்கள். கேள்விகளைக் கேளுங்கள், உண்மையைச் சொல்லுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வருமுன் காப்போம்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் வைத்தியரிடமே பெற்றுக்கொள்ளுங்கள்.)